கொலம்பியா வளாகத்தில் யூதக் கல்வி: எது யாருக்கு ஏற்றது?

நியூயார்க்கின் மார்னிங்சைட் ஹைட்ஸ் பகுதியில் கொலம்பியா பல்கலைக்கழகம், அதனோடு இணைந்த பர்னார்ட் மகளிர் கல்லூரி, பிராட்வே சாலையில் சற்று வடக்கே உள்ள யூத சமயக் கல்வி நிறுவனமான ஜூயிஷ் தியாலஜிகல் செமினரி ஆகிய மூன்றும் நடந்தே போய்வரும் தொலைவில் இருக்கின்றன. யூத சமயத்தையும் வரலாற்றையும் படிக்க விரும்பும் இளங்கலை மாணவருக்கு இவ்வளவு வாய்ப்புகள் ஓரிடத்தில் கூடியிருப்பது அமெரிக்காவிலேயே அரிது. ஆயினும் அவை எல்லா மாணவர்க்கும் ஒரே அளவில் எட்டுவதில்லை. எந்த வாயில் யாருக்கு எளிதாகத் திறக்கிறது என்பதையே இம்மதிப்புரை பார்க்கிறது.

பல்கலைக்கழக வகுப்புகளுக்கு நீண்ட மரபு உண்டு. 1930-இல் இங்கே யூத வரலாற்றுப் பேராசிரியரான சாலோ பேரன், யூதர்களின் கடந்த காலத்தை வெறும் துயரக் கதையாக எழுதிவந்த வழக்கத்தை எதிர்த்தவர். யூரியல் வைன்ரைக், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியை மொழியியலாளரின் கண்கொண்டு இங்கேதான் கற்பித்தார். இம்மரபில் வரும் வகுப்புகள் எச்சமயத்தவருக்கும் உரியவை. நம்பிக்கையைக் கேட்பதில்லை, சான்றையே கேட்கின்றன. யூதரல்லாத மாணவர் தயக்கமின்றி இங்கிருந்து தொடங்கலாம். ஆனால் மதிப்பெண்ணும் கட்டுரைக் கெடுவும் நெருக்கும்போது ஒரு பனுவலில் நின்று நிதானிக்க நேரம் கிடைப்பதில்லை.

1886-இல் நிறுவப்பட்ட செமினரி, யூத சமயத்தில் மரபுவாதத்துக்கும் சீர்திருத்தத்துக்கும் இடைப்பட்ட கன்சர்வேட்டிவ் பிரிவினுடையது. அதன் இளங்கலைப் பிரிவான லிஸ்ட் கல்லூரியில் சேர்பவர்கள் கொலம்பியாவிலோ பர்னார்டிலோ ஒரு பட்டமும் செமினரியில் மற்றொரு பட்டமுமாக இரண்டு பெறுகிறார்கள். பாடச்சுமை உண்மையிலேயே கடுமையானது. நூலகத்துக்காகவே அதைத் தாங்கலாம் என்பது என் கருத்து. 1966-ஆம் ஆண்டுத் தீவிபத்தில் ஏறத்தாழ 70,000 நூல்களை இழந்த பின்னும் அது உலகின் பெரிய யூத நூலகங்களுள் ஒன்றாக நிற்கிறது. கெய்ரோவின் பழைய தொழுகைக்கூடக் கிடங்கிலிருந்து கிடைத்த கெனீசாத் தாள்களில் பல்லாயிரம் துண்டுகள் இங்கே உள்ளன. பல நாட்டு நூலகங்களில் பிரிந்து கிடக்கும் அத்தொகுப்பில், 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வாணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் உண்டு என்பதால், மலபார்க் கரையின் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்க்கு இத்துறை அயலானது அன்று.

இவை அனைத்தினும் நான் உயர்வாக மதிப்பது ஹெவ்ருதா என்னும் இணைப்பயிற்சியை. இருவர் ஒரே பனுவலை முன்வைத்து உரக்கப் படித்து, வரிக்கு வரி பொருள் சொல்லி, ஒருவரை ஒருவர் மறுத்து முன்னேறும் முறை இது; ஆசிரியர் அருகில் இருப்பார், ஆனால் உடனே விடை தரமாட்டார். யூத சமயச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தால்மூத்தின் பக்கமே இதற்கென அமைந்ததுபோல் இருக்கிறது: நடுவில் மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுப்பும் அதன்மேல் எழுந்த விவாதமும், ஒரு பக்கம் 11-ஆம் நூற்றாண்டு ராஷியின் உரை, மறுபக்கம் அவருடைய பேரர்களும் பின்வந்தோரும் அவ்வுரையையே கேள்விக்குட்படுத்தும் தோசஃபோத். பரிமேலழகரையும் மற்ற உரையாசிரியர்களையும் ஒருங்கே வைத்துக் குறள் படித்தவர்க்கு இப்பக்கம் அச்சம் தராது. ஆசான் சொன்னதை நன்றாகக் கொண்டாலும் கால் பங்கே கைவரும், உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு சேரும் என்கிற நன்னூல் கணக்கை இங்கே கண்கூடாகக் காணலாம். இணையாக அமைபவரைப் பொறுத்தே பயன் அமையும் என்பது இம்முறையின் நீங்காத குறை. எபிரேய எழுத்து அறிந்தவரும் அறியாதவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் ஒருவர் மொழிபெயர்ப்பாளராகவும் மற்றவர் கேட்பவராகவும் மாறிவிடுகிறார்கள்.

இவ்விடைவெளியைப் பெருமளவு குறைத்திருப்பது செஃபாரியா என்னும் கட்டணமில்லா மின்னூலகம். மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் அருகருகே தோன்றுகின்றன. ஒரு வரியைத் தொட்டால் அதன் உரைகள் பக்கத்தில் விரிகின்றன. 2017 முதல் யூத அறிஞர் ஸ்டைன்சால்ட்ஸின் தால்மூத் மொழிபெயர்ப்பும் அதில் இடம்பெறுகிறது. மூலத்தின் சொற்கள் அழுத்தமான எழுத்திலும், அவற்றை இணைக்கும் விளக்கம் மெலிந்த எழுத்திலும் இருப்பதால், எங்கே மூலம் முடிந்து உரை தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரிகிறது. எனினும் விளக்கம் இவ்வளவு தாராளமாகக் கிடைக்கும்போது வாக்கியத்தோடு மல்லுக்கட்டும் பழக்கம் தேய்கிறது. அமர்வின் முதற்பாதியில் திரையை மூடிவைப்பதே நல்லது.

1923-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பின் பல வளாகங்களில் பரவிய ஹில்லெல் என்னும் யூத மாணவர் அமைப்புக்கு இங்கே 115-ஆம் தெருவில் கிராஃப்ட் மையம் என்ற கட்டடம் உண்டு. ஹில்லெல் பல வளாகங்களில் நடத்தும் பத்து வார ஜூயிஷ் லேர்னிங் ஃபெலோஷிப், தேர்வு இல்லாத கலந்துரையாடல் வடிவிலானது. சமயக் கல்வி பெறாமல் வளர்ந்த யூத மாணவரை மனத்தில் கொண்டது. பல இடங்களில் முடிப்பவர்க்குச் சிறு உதவித்தொகையும் உண்டு. பகுதிநேர வேலை பார்க்கும் மாணவருக்கு அது நியாயமான ஈடுதான் என்றாலும், பணத்துக்காக வந்தவரும் ஆர்வத்தால் வந்தவரும் ஒரே வட்டத்தில் அமரும்போது உரையாடல் சில வேளை மேலோட்டமாகவே நின்றுவிடும். கேள்விகள் வாழ்க்கையை ஒட்டியவை, பனுவல்கள் துணுக்குகளாகவே வருகின்றன. முழு அதிகாரம் ஒன்றைத் தொடர்ந்து படிக்க விரும்புபவர் இதை முதற்பருவத்தில் முடித்துவிட்டு, அடுத்த பருவத்தில் எபிரேய வகுப்பு ஒன்றில் பதிவுசெய்துகொண்டு, அவ்வகுப்பிலேயே தமக்கு ஒத்த நிலையிலுள்ள ஹெவ்ருதா இணையைத் தேடிக்கொள்ளலாம்.