சோலார் பிளான்ட்டுக்கு எத்தனை மெகாவாட் போடணும்? மூணு கணக்கு, மூணு விடை

பெரிய சோலார் பிளான்ட்டுக்கு கெப்பாசிட்டி கணக்கு போட மூணு வழி இருக்கு, ஆளுக்கு ஒண்ணை பிடிச்சுக்கிட்டு மத்தவங்க கணக்கு தப்புன்னு சண்டை போடறாங்க. ஒரே தேவையை மூணுலயும் போட்டு பாத்துடலாம். வருஷத்துக்கு 20 கோடி யூனிட் வேணும்னு வெச்சுக்கோங்க.

முதல்ல சியூஎஃப் (கெப்பாசிட்டி யூட்டிலைசேஷன் ஃபேக்டர்) வழி. வருஷத்துக்கு 8,760 மணி நேரம், அதுல பிளான்ட் ஃபுல் லோடுல ஓடினதுக்கு சமமா எத்தனை சதவீதம்னு ஒரே ஒரு நம்பர். 22%னு எடுத்தா ஒரு மெகாவாட் வருஷத்துக்கு சுமாரா 19.27 லட்சம் யூனிட் தரும், அப்போ கிட்டத்தட்ட 104 மெகாவாட் வேணும். அரை நிமிஷ வேலை. ஆனா அந்த 22 எங்கேர்ந்து வந்துச்சு? வேற ஒரு பிளான்ட்லேர்ந்து எடுத்ததா இருந்தா அது டிராக்கரா (சூரியனை பாத்து பேனல் திரும்பறது) ஃபிக்ஸட் டில்ட்டா (ஒரே சாய்வுல நிக்கறது), பேனல் எவ்வளவு கூடுதலா போட்டிருக்காங்க, எதுவுமே அந்த நம்பரை பாத்தா தெரியாது.

ரெண்டாவது பீக் சன் ஹவர் வழி. சாய்ச்சு வெச்ச பேனல் மேல சதுர மீட்டருக்கு நாளைக்கு 5.5 யூனிட் வெயில் விழுதுன்னா அது 5.5 பீக் சன் ஹவர், அதாவது சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் வீதம் முழு வெயில் 5.5 மணி நேரம் அடிச்சதுக்கு சமம். அதை 365ஆல பெருக்கி, பெர்ஃபார்மன்ஸ் ரேஷியோ (லாஸ் எல்லாம் போக மிஞ்சற பங்கு) 0.8 போட்டா ஒரு கிலோவாட் பேனலுக்கு வருஷத்துக்கு 1,606 யூனிட். விடை 124.5 மெகாவாட்.

சண்டை ஆரம்பிக்கிறதே இங்கதான், ஒருத்தர் 104ங்கறாரு இன்னொருத்தர் 124.5ங்கறாரு, ஆனா ரெண்டும் சரி! பேனல் தர்றது டிசி கரண்ட், அதை இன்வெர்ட்டர் ஏசியா மாத்துது. முதல்ல வந்தது இன்வெர்ட்டர் பக்கத்து ஏசி கெப்பாசிட்டி, ரெண்டாவது பேனல் பக்கத்து டிசி. ஒண்ணை ஒண்ணால வகுத்தா 1.2 வருது, பெரிய பிளான்ட்ல டிசி-ஏசி ரேஷியோ அப்படி இருக்கறது சகஜம். அதனால யாராவது வெறும் "மெகாவாட்"னு சொன்னா உடனே ஏசியா டிசியான்னு கேட்டுடுங்க.

ரெண்டாவது வழில எனக்கு பிடிச்சது, லாஸ் எல்லாம் எங்க போகுதுன்னு பிரிச்சு யோசிக்க வைக்குது. பேனல் ரேட்டிங் செல் டெம்பரேச்சர் 25 டிகிரில அளந்தது, வெயில்ல செல் 60 டிகிரிக்கு போனா, டிகிரிக்கு 0.35%னு வெச்சாலே 12% பவர் காலி. அதுக்கு மேல தூசி, கேபிள், இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர். எல்லா இடத்துக்கும் கண்ணை மூடிட்டு 0.8 போடறது சரியே இல்ல.

மூணாவது, பிவிசிஸ்ட், சாம் மாதிரி சாஃப்ட்வேர்ல மணிக்கு மணி சிமுலேஷன். மத்த ரெண்டு வழிக்கும் கண்ணுல படாதது இதுல படும். டிசி-ஏசி ரேஷியோவை 1.4 வரைக்கும் ஏத்தினா நல்ல வெயில் நாள் மத்தியானம் இன்வெர்ட்டர் தன் லிமிட்லயே நின்னுடும், மிச்சம் வேஸ்ட், ஆனா காலைலயும் சாயங்காலமும் கூட கிடைக்கும், இந்த லாப நஷ்டத்தை வருஷ மொத்தத்தை வெச்சு பிடிக்கவே முடியாது. ராத்திரி தேவைக்கு பேட்டரி எவ்வளவுன்னு பாக்கவும் இந்த வழிதான்.

கடன் குடுக்கறவங்க பி50யோட (தாண்டறதுக்கும் குறையறதுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள உற்பத்தி அளவு) விட மாட்டாங்க, பத்து வருஷத்துல ஒன்பது வருஷமாவது தாண்டும்னு சொல்ற பி90 கேப்பாங்க. கணக்குல இருக்கற மொத்த அன்சர்ட்டன்ட்டி (நிச்சயமில்லாத அளவு) 6%னா பி90ங்கறது பி50ல சுமார் 92%, அப்போ அதே 20 கோடி யூனிட்டுக்கு 135 மெகாவாட் டிசி ஆயிடும். இதுவும் முதல் வருஷக் கணக்குதான். வருஷத்துக்கு 0.5% டீகிரடேஷன் (பேனல் பழசாகி பவர் குறையறது) வெச்சா 25வது வருஷம் சுமார் 11% கம்மியாத்தான் வரும்.

இடம் தேடற கட்டத்துல சியூஎஃப் போதும், பணம் போடற கட்டத்துல சிமுலேஷன் இல்லாம கையெழுத்தே போடக்கூடாது. ஆனா சிமுலேஷன் ரிப்போர்ட் வந்ததும் ரெண்டாவது வழில கைக்கணக்கு ஒண்ணு கட்டாயம் போட்டு பாருங்க. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தா முதல்ல இன்புட்டை தோண்டுங்க, சாய்வுத் தளத்து வெயிலுக்கு பதிலா கிடைமட்ட வெயிலை போட்டுட்டாங்களா, தூசி லாஸை டீஃபால்ட்லயே விட்டுட்டாங்களான்னு.