கேரித் தீவா, கெத்தாம் தீவா?

மலேசியாவின் சிலாங்கூரில், பந்திங் எஸ்டேட் பக்கம் இருப்பவர்களுக்குத் தீவு மக்களைப் பார்க்க இரண்டு வழி. கேரித் தீவுக்குப் பாலம் உண்டு, காரிலேயே போகலாம். உள்ளே நம் ஊர் மாதிரியே செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைதான். ஆனால் அங்குள்ள மா மெரி பூர்வகுடிகளின் மரச் செதுக்கல்களை அவசரப்படாமல் பாருங்கள். ஹரி மொயாங் நாளில் அவர்கள் முகமூடி அணிந்து முன்னோருக்காக ஆடுவார்கள்.

கெத்தாம் தீவுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் படகு ஏற வேண்டும். கெத்தாம் என்றால் மலாயில் நண்டு. சேற்றில் கால் ஊன்றிய வீடுகள், சீன மீனவக் குடும்பங்கள். கார் கிடையாது, சைக்கிள்தான்.

சரி, ஒரே ஒரு ஞாயிறுதான் கிடைக்கும் என்றால்? நான் கெத்தாமைத்தான் சொல்வேன். செம்பனையை நாம் தினமும் பார்க்கிறோம். வீட்டுக்கு அடியில் கடல் ஏறி இறங்குவதை அங்கேதான் பார்க்கலாம்.