தொட்டிலுக்கு ஒன்று, ஊஞ்சலுக்கு வேறொன்று: இழுவை ஸ்பிரிங்கா, டிராபார் ஸ்பிரிங்கா?

பினாங்கில் பிறையிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ ஓர் இரும்புக் கடைக்குள் போய் “இழுக்கிற ஸ்பிரிங் வேணும்” என்று கேட்டால், நீளம் எவ்வளவு, கம்பி எவ்வளவு தடிப்பு என்று கடை முதலாளி தவுக்கே கேட்பார். எதற்கு என்று கேட்பவர் குறைவு. நாமாவது யோசித்துவிட்டுப் போக வேண்டும்: இந்த ஸ்பிரிங் ஒருநாள் முறிந்தால் எது விழும், யார் மேல் விழும்?

இழுவை ஸ்பிரிங் எல்லாரும் பார்த்ததுதான். கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளின் ஸ்டாண்டை இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், இரண்டு முனையிலும் கொக்கி. டிராபார் ஸ்பிரிங்கின் உள்விவரம் வேறு. அது உண்மையில் ஓர் அமுக்கு ஸ்பிரிங். கொண்டை ஊசி மாதிரி வளைத்த இரண்டு நீளக் கம்பிகள் அதன் நடுவே போகும். மேலிருந்து வருவது கீழ் முனையைப் பிடித்திருக்கும், கீழிருந்து வருவது மேல் முனையைப் பிடித்திருக்கும். இரண்டையும் எதிரெதிரே இழுத்தால் நடுவில் மாட்டிய ஸ்பிரிங் அமுங்கும். வெளியே தெரிவது இழுப்பு, உள்ளே நடப்பது அமுக்கம்.

இப்போது இரண்டையும் அளவுக்கு மீறி இழுத்துப் பாருங்கள். இழுவை ஸ்பிரிங்குக்கு ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல எதுவும் இல்லை. நீண்டுகொண்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல் பழைய நீளத்துக்குத் திரும்பாது. முறிந்தால் பெரும்பாலும் கொக்கி வளையும் இடத்தில்தான் முறியும். சுருளில் கம்பி முறுக்கப்படுகிறது. கொக்கியின் வளைவிலோ முறுக்கும் வளைப்பும் ஒரே இடத்தில் சேருகின்றன. அந்த வளைவு எவ்வளவு சிறியதோ அவ்வளவு ஆபத்து. கொக்கி போனால் சுமையும் போச்சு.

டிராபாரில் சுருள்கள் முழுக்க அமுங்கி ஒன்றையொன்று தொட்டதும் அது வெறும் இரும்பு இணைப்பாகிவிடும். அதற்கு மேல் நீளாது. சுருள் உடைந்தாலும் துண்டுகள் அந்தக் கம்பிகளுக்கு நடுவிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். சுமை சற்று இறங்கும், விழாது. (கம்பியோ மேலே மாட்டிய கொக்கியோ விட்டுவிட்டால் எந்த ஸ்பிரிங்கும் காப்பாற்றாது, அது வேறு கதை.)

அப்படியானால் எல்லாவற்றுக்கும் டிராபாரே வாங்கிவிடலாமே? இங்கேதான் தொட்டில் குறுக்கே வருகிறது.

நம் வீடுகளில் ஸ்பிரிங்கில் சாரோங்கோ சேலையோ கட்டிய தொட்டில் இல்லாத பிள்ளை வளர்ப்பே கிடையாது. பிள்ளை 6 கிலோ, துணியும் கட்டையும் 1 கிலோ என்று வைத்தால் ஸ்பிரிங்கில் ஏறுவது சுமார் 70 நியூட்டன். மில்லிமீட்டருக்கு 0.25 நியூட்டன் விறைப்பு, சுருள்கள் பிரியவே 20 நியூட்டன் வேண்டும் என்ற இழுவை ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். முதல் 20 நியூட்டனுக்கு அது அசையாது. மீதி 50 நியூட்டனுக்கு 200 மில்லிமீட்டர் நீளும். மேலும் கீழும் ஒருமுறை போய்வர ஏறக்குறைய ஒரு வினாடி. பிள்ளை தூங்குவது அந்தத் தாளத்தில்தான்.

டிராபாருக்கு இந்த ஆரம்ப இறுக்கம் கிடையாது. அதே விறைப்பில் செய்தால் அது 280 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும், பிள்ளை 10 கிலோ ஆகும்போது 430-ஐத் தாண்டும். அவ்வளவு அமுங்க இடம் வேண்டுமென்றால் ஸ்பிரிங் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். உத்தரத்துக்கும் தொட்டிலுக்கும் நடுவே அதற்கு ஏது இடம்? குட்டையாக, நான்கு மடங்கு விறைப்பாகச் செய்தால் ஆட்டம் அரை வினாடிக்கு வந்துவிடும். பிள்ளை தூங்காது, உலுக்கப்படும்.

அதனால் தொட்டிலுக்கு என் ஓட்டு இழுவை ஸ்பிரிங்குக்கே. ஆனால் ஒரு நிபந்தனை: சுருளுக்குள்ளே ஒரு கயிறு ஓட வேண்டும். அந்தக் கயிற்றை ஸ்பிரிங்கின் கொக்கியில் கட்டவே கூடாது, ஏனென்றால் முதலில் முறிவதே அதுதான். மேலே உத்தரத்துக் கொக்கியிலும் கீழே தொட்டில் தொங்கும் வளையத்திலும் கட்டுங்கள். பிள்ளை ஆடும்போது ஸ்பிரிங் எவ்வளவு நீளுமோ அதைவிடக் கொஞ்சம் மட்டும் நீளமாக விடுங்கள். கயிறு மிக நீண்டால் பிடிப்பதற்குள் பிள்ளை தரைக்கு வந்துவிடும். டிராபார் இரும்பில் தரும் காவலை இந்தக் கயிறு சில காசுக்குத் தந்துவிடுகிறது.

வாசல் ஊஞ்சலில் கணக்கு தலைகீழ். இரண்டு பெரியவர்கள், கனமான பலகை, எல்லாம் சேர்த்து 180 கிலோ என்றால் ஒரு பக்கத்துக்கு 90 கிலோ, அதாவது 880 நியூட்டன் அளவு. ஒருவர் பொத்தென்று உட்கார்ந்தால் அது ஒரு கணம் இரட்டிப்பாகும். இங்கே நீண்ட ஆட்டம் தேவையில்லை, கொஞ்சம் மெத்தென்று இருந்தால் போதும். இங்கே கண்ணை மூடிக்கொண்டு டிராபார். விலை கூடத்தான், எடையும் கூடத்தான், வளைவுகள் உரசும் இடத்தில் கிரீஸ் போடாவிட்டால் முனகும். பரவாயில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சுருள்கள் முட்டிக்கொண்டு நிற்காத அளவுக்கு வாங்குங்கள். ஒன்று இன்னும்: டிராபாரில் ஆள் உட்காரும்போது இடைவெளி மூடும், இழுவையில் ஆள் எழும்போது மூடும். சின்னப் பிள்ளைகளின் விரலுக்கு இரண்டும் ஆகாது.

தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் துருவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இழுவை ஸ்பிரிங்கின் ஒட்டிய சுருள்களுக்கு நடுவே ஈரம் தங்கும். துரு அரித்த சிறு குழியில்தான் விரிசல் பிறக்கிறது. துருப்பிடிக்காத எஃகில் வாங்கலாம், ஆனால் அதே அளவில் செய்தாலும் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்கு போலக் குறைவாகவே இருக்கும். அதைச் சரிக்கட்டக் கம்பியின் தடிப்பைக் கொஞ்சமே கூட்டினால் போதும். விட்டம் 10 சதவீதம் கூடினால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும்.

பழைய ஸ்பிரிங்குக்கு மாற்று வாங்கப் போகிறீர்கள், அளவு எதுவும் தெரியவில்லை என்றால், பயணப் பெட்டியின் எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று போதும். 50 மில்லிமீட்டர் இழுத்தால் 3.5 கிலோ, 100 இழுத்தால் 5 கிலோ காட்டுகிறது என்று வையுங்கள். 50 மில்லிமீட்டருக்கு 1.5 கிலோ, அதுதான் விறைப்பு. 3.5-இலிருந்து அதைக் கழித்தால் வரும் 2 கிலோ ஆரம்ப இறுக்கம். இந்த இரண்டு எண்ணோடு கடைக்குப் போங்கள். கொக்கி மட்டும்தானே போயிற்று என்று சுருளை வெட்டி, நெருப்பில் காட்டி, புதுக் கொக்கி வளைக்கும் வேலை மட்டும் வேண்டாம். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும், சுருள் குறைந்ததால் விறைப்பும் மாறிவிடும். கப்சாய் ஸ்டாண்டுக்கு அப்படிச் செய்தால் ஸ்டாண்டு தார் ரோட்டில் உரசும், அவ்வளவுதான். தொட்டிலுக்குச் செய்யாதீர்கள்.