ஹூக்கரா, கீயா பாயிண்டா, டாஸ்மனா? மவுண்ட் குக்கில் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் நடக்க எந்தப் பாதை

நியூசிலாந்தின் தென்தீவுக்குத் திட்டம் போடும் குடும்பங்கள் பலவும் மவுண்ட் குக் பனிமலை என்று எழுதி, அதற்கு நேரே ஹூக்கர் வேலி (ஹூக்கர் பள்ளத்தாக்கு நடைபாதை) என்று எழுதி முடித்துவிடுகின்றன. அது அருமையான பாதைதான். ஆனால் போகவர 10 கிலோமீட்டர். நான்கு வயதுப் பிள்ளையும் முழங்கால் வலிக்கும் பாட்டியும் ஒரே குழுவில் இருந்தால், பாதி வழியில் யாராவது ஒருவர் உட்கார்ந்துவிடுவார். அதே மலையடிவாரத்தில் கீயா பாயிண்ட், டாஸ்மன் என்று இன்னும் இரண்டு பாதைகள் இருக்கின்றன. மூன்றில் எதை எடுப்பது என்பதைக் குழுவில் மெதுவாக நடப்பவரின் காலும் அன்றைய காற்றும்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். பனிமலை என்றதும் மூச்சு வாங்குமோ, தலை சுற்றுமோ என்று வீட்டில் கேட்பார்கள். 3,724 மீட்டர் உயரம் சிகரத்துக்குத்தான். அடிவாரத்து மவுண்ட் குக் கிராமம் இருப்பது சுமார் 750 மீட்டரில், ஏற்காட்டின் உயரத்தில் பாதி. மூன்று பாதைகளுமே அந்த மட்டத்தை ஒட்டித்தான் போகின்றன. உயரத்தால் வரும் தொல்லை இங்கே கிடையாது. தொல்லையெல்லாம் காற்று, மழை, வெயில் மூன்றாலும்தான்.

ஹூக்கர் வேலி

கிராமத்திலிருந்து சில நிமிடம் காரில் போனால் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாம் திடல். பாதை அங்கே தொடங்குகிறது. பெரியவர்கள் மட்டும் என்றால் 3 மணி நேரம். ஆறேழு வயதுப் பிள்ளைகளோடு நாலரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு பாலத்திலும் நிற்பார்கள், ஒவ்வொரு கல்லையும் எடுப்பார்கள். ஏற்றம் மிகக் குறைவு, தரை சமமான சரளை. பாதி தாண்டியதும் ஸ்டாக்கிங் ஸ்ட்ரீம் அருகே ஒரு தங்குகுடிலும் கழிவறையும் உண்டு. திடலை விட்டால் அடுத்த கழிவறை அதுதான், எனவே கிளம்பும்போதே பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள்.

இந்தப் பாதையின் சிறப்பு மூன்று தொங்குபாலங்கள். இரண்டு பக்கமும் கம்பி, காலடியில் சிமெண்ட் கரைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஆறு. முன்னால் போகிறவர் வேகமாக நடந்தால் பின்னால் வருகிறவருக்குப் பாலம் துள்ளும். பயப்படும் குழந்தையை இருவருக்கு நடுவில் விட்டு, மூவரும் ஒரே வேகத்தில் நடங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று முகப்புப் பலகையில் எழுதியிருக்கும். கூட்டம் தள்ளினாலும் அந்த எண்ணிக்கையைத் தாண்டாதீர்கள்.

முடிவில் ஹூக்கர் ஏரி. சிகரம் நேர் எதிரே நிற்க, ஏரியில் பனிப்பாறைகள் மிதக்கும். கரை ஒதுங்கிய பனிக்கட்டியைத் தொட்டுப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம், அதைத் தடுக்க வேண்டாம். மிதக்கும் பெரிய கட்டியின்மேல் ஏற மட்டும் விடாதீர்கள். கீழ்ப்பகுதி கரைந்து எடை மாறியதும் அது முன்னறிவிப்பில்லாமல் புரண்டுவிடும்.

போவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆறு கரையை அரித்துப் பாலத்தின் பிடிமானத்தை நெருங்கியதால் 2025 ஏப்ரலில் இரண்டாம் பாலத்தை மூடி, புதுப்பாலம் கட்டும் வேலையைத் தொடங்கினார்கள். அது மூடியிருக்கும் காலத்தில் ஏரிவரை போக முடியாது, முல்லர் ஏரியின் காட்சிமேட்டுப் பக்கத்தோடு திரும்ப வேண்டியதுதான். நீங்கள் போகும் நாளின் நிலவரம் டாக் என்று அங்கே எல்லோரும் சொல்லும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் இருக்கும், கிராமத்து விசிட்டர் சென்டரிலும் சொல்வார்கள்.

டாஸ்மன்

தூரத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான். டாஸ்மன் பள்ளத்தாக்குச் சாலையில் சுமார் 8 கிலோமீட்டர் போய் வண்டியை நிறுத்தினால், டாஸ்மன் காட்சிமேட்டுக்குப் போகவர 40 நிமிடம்தான் என்று பலகை சொல்கிறது. உண்மைதான், ஆனால் மேலே போவது பெரும்பாலும் படி. பத்து வயதுப் பிள்ளை ஓடி ஏறும். முழங்கால் தேய்ந்தவருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை, ஹூக்கரின் சமதரையில் 2 கிலோமீட்டர் நடப்பது அவருக்கு இதைவிடச் சுகம். மேட்டின் உச்சியில் காற்றை மறைக்க எதுவும் இல்லை, தொப்பி பறந்தால் பறந்ததுதான்.

ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய இடம் எது என்றால் டாஸ்மன்தான். நியூசிலாந்தின் மிக நீளமான பனியாறு, அதாவது மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனித்திரள், இது. மேட்டில் நின்று பார்க்கும் ஏரி 1973-இல் இல்லவே இல்லை. பனியாறு உருகிப் பின்வாங்கப் பின்வாங்க அந்தப் பள்ளத்தில் நீர் சேர்ந்து, 2008-இல் அளந்தபோது 7 கிலோமீட்டர் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. தாத்தாவின் இளமையில் இந்த ஏரி கிடையாது என்று அங்கே நின்று சொன்னால் பருவநிலை மாற்றம் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். 2011 பிப்ரவரி 22 கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தின்போது சுமார் 3 கோடி டன் பனி உடைந்து இந்த ஏரியில்தான் விழுந்தது.

வழியில் நீல ஏரிகள் என்று பெயர்ப்பலகை இருக்கும். போய்ப் பார்த்தால் பச்சைத் தண்ணீர். தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று குழம்ப வேண்டாம். முன்பு பனியாற்று நீர் கசிந்து வந்தபோது நீலமாக இருந்தன. பனியாறு இறங்கியதும் அந்த வரத்து நின்று, இப்போது மழைநீர் மட்டுமே தேங்குகிறது, பாசி பச்சையாக்குகிறது. படி ஏற முடியாதவர்களுக்கு, அதே வண்டி நிறுத்தத்திலிருந்து ஏரி ஆறாக வெளியேறும் முகப்புக்குப் போகும் இன்னொரு பாதை உண்டு, போகவர ஒரு மணி நேரம்.

கீயா பாயிண்ட்

பெயர் குறைவாக வாங்கிய பாதை. ஆனால் சின்னக் குழந்தைகளும் பெரியவர்களும் கலந்த குடும்பத்துக்கு முதல் தேர்வு இதுவே. ஹூக்கர் தொடங்கும் அதே திடலிலிருந்து போகவர ஒரு மணி நேரம். புல்லும் புதரும் நடுவே மெல்ல ஏறி, கடைசியில் மட்டும் கொஞ்சம் செங்குத்தாகி, பனியாறு குவித்துவிட்டுப் போன கல்மேட்டின் விளிம்பில் ஒரு பலகைத் தளத்தில் முடிகிறது. கீழே முல்லர் ஏரி, தலைக்கு மேல் செஃப்டன் மலையின் தொங்கும் பனி, வலப்பக்கம் தூரத்தில் மவுண்ட் குக். வெயில் ஏறிய மதியங்களில் செஃப்டனிலிருந்து பனி சரியும் சத்தம் இடி மாதிரி கேட்கும். பார்க்கத் திரும்புவதற்குள் முடிந்துவிடும், ஒலி வந்து சேரத் தாமதமாவதுதான் காரணம்.

பனிப்பாறையைக் கையால் தொட முடியாது, தொங்குபாலம் கிடையாது. குறை இவ்வளவுதான். டிசம்பரில் இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருப்பதால், சாப்பிட்டுவிட்டுக்கூடப் போய்வரலாம். பகல் கூட்டம் கலைந்திருக்கும், வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்கும். தளத்தின் வேலியைத் தாண்டிக் கல்மேட்டில் இறங்கவே கூடாது. பிடிப்பில்லாத கல்லும் மண்ணும், மிதித்தால் சரியும்.

கைக்குழந்தைக்குத் தள்ளுவண்டி எந்தப் பாதைக்கும் சரிப்படாது. முதுகில் சுமக்கும் கேரியர்தான் வேண்டும். குழந்தை அசையாமல் உட்கார்ந்திருப்பதால் நடப்பவரைவிட அதற்குச் சீக்கிரம் குளிரும், கால்களுக்கு ஒரு அடுக்கு கூடுதலாகப் போடுங்கள்.

சாமான்களும் வானமும்

கிராமத்தில் சூப்பர்மார்க்கெட் இல்லை. கடைகள் உள்ள ஊர்களில் ட்வைசல் 65 கிலோமீட்டர், டெகப்போ 105 கிலோமீட்டர். சாப்பாடு, பால், டயப்பர் எல்லாம் அங்கேயே வாங்கிவிடுங்கள். ஹூக்கருக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மற்றவற்றுக்கு அரை லிட்டர். சாம்பல் நிற ஆற்று நீரில் பாறைத்தூள் கலந்திருக்கும், குடிக்க உதவாது. புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் வழியில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீயா என்னும் மலைக்கிளி துணிச்சலோடு பக்கத்தில் வந்து பையைக் கொத்தும், காரின் ரப்பரையும் உரிக்கும், ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது. விளையாட்டு ஷூ போதும், செருப்பு வேண்டாம். பருத்தி ஜீன்ஸ் நனைந்தால் காயாது, குளிரை உள்ளே இழுக்கும். காற்று புகாத ஜாக்கெட்டும் காதை மூடும் தொப்பியும் ஜனவரியிலும் வேண்டும், கூடவே சன்ஸ்கிரீனும். குளிரடிக்கிறதே என்று அதை விட்டால் மாலைக்குள் பிள்ளைகளின் மூக்கு தோல் உரியும்.

வடமேற்குக் காற்று வலுத்தால் மழை நிச்சயம் என்று கொள்ளுங்கள். அன்று ஹூக்கர் பாலங்களையும் டாஸ்மன் மேட்டையும் விட்டுவிட்டு, கிராமத்திலிருந்தே தொடங்கும் கவர்னர்ஸ் புஷ் காட்டுக்குள் போங்கள். ஒரு மணி நேரச் சுற்று. பீச் (beech) என்னும் காட்டு மரங்கள் காற்றைத் தடுத்துவிடும், மழையும் இலைகளில் வடிந்து துளித்துளியாகத்தான் இறங்கும். நெகிழிக் கோட்டு போட்ட நான்கு வயதுப் பிள்ளைக்கு அன்றைக்கு அது போதும்.