கம்பி வேலிக்கு எந்தக் கொடி: காகிதப்பூவா, ரங்கூன் மல்லியா, அலமாண்டாவா, சங்குப்பூவா?

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தை விட்டு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது அம்மாவுக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அந்த மொட்டை வேலிதான். 40 அடி நீளம், மார்பளவு உயரம், துருப்பிடிக்கத் தொடங்கிய கம்பி வலை. அதற்கு அந்தப் பக்கம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. “ஏதாவது பூக்கொடி ஏத்தி விடு” என்றார். 10 வருஷத்தில் ஐந்து கொடிகளை ஏற்றிப் பார்த்துவிட்டேன். நிறத்தைப் பார்த்துக் கொடி வாங்கக்கூடாது, மழையையும் வேலியின் பலத்தையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

முதலில் எல்லோருக்கும் ஆசை வருவது காகிதப்பூ மேல்தான். பக்கத்து ஈப்போவுக்கே போகன்வில்லா நகரம் என்று பெயர் இருக்கும்போது ஆசை வராமல் இருக்குமா? நானும் நர்சரியிலிருந்து பூவோடு இருந்த இரண்டு செடிகளை வாங்கி, குழி வெட்டி, கோழி எருவைத் தாராளமாகப் போட்டு நட்டேன். ஆறே மாதத்தில் வேலியைத் தாண்டிவிட்டது. ஆனால் பச்சை இலையும் முள்ளும்தான், பூவே இல்லை.

காரணம் இதுதான். காகிதப்பூ பிரேசில் பக்கத்துச் செடி. வேர் கொஞ்சம் காய்ந்தால்தான் பூக்கும். நாம் பூ என்று பார்க்கும் சிவப்பும் ஊதாவும் உண்மையில் நிறம் மாறிய இலைகள். மூன்று இலைக்கு நடுவே குச்சிபோல நிற்கும் சின்ன வெள்ளைக் குழாய்தான் பூ. நம் பேராக்கில் ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை மழை கொட்டும், மற்ற மாதங்களிலும் மண் முழுசாகக் காயாது. தண்ணீரும் எருவும் மிஞ்சினால் செடி இலை விட்டுக்கொண்டே போகும். அதையே தொட்டியில் வைத்து, நல்ல வெயிலில் நிறுத்தி, இலை லேசாக வாடும்வரை தண்ணீர் விடாமல் இருந்தால் பூத்துக் குலுங்கும். அதனால் தொட்டிக்குக் காகிதப்பூ சரி, எங்கள் ஊரில் தரையில் நட்டு வேலி மூட அது சரிவராது. இன்னொரு தொல்லை வெட்டிய முள் கிளை. திறந்த வெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம், குப்பைப் பையில் போட்டால் பையைக் கிழிக்கும்.

அப்புறம் வைத்ததுதான் ரங்கூன் மல்லி. மலாய்க்காரர்கள் ஆக்கார் டானி என்பார்கள். மழை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கம்பி வலையில் ஒரு முனையைச் செருகிவிட்டால் போதும், பிறகு அதுவே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். ராத்திரி ஏழரை மணி வாக்கில், இருட்டும் நேரத்தில் வேலிப் பக்கம் போய் நின்றால் அன்றைய மொட்டு வெள்ளையாக விரிந்திருக்கும். மறுநாள் அதே பூ ரோஸ் நிறம், அதற்கு அடுத்த நாள் சிவப்பு. ஆகவே ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். நீளக் காம்புபோல இருப்பது பூவின் குழல். அதன் அடியில் இருக்கும் தேனைக் குடிக்க நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிகள் இருட்டில் வரும். வாசமும் அவற்றுக்காகத்தான், ராத்திரியில் அடுப்படிவரை வரும்.

குறை இல்லாமல் இல்லை. வேரிலிருந்து புதுக் கன்று கிளம்பிக்கொண்டே இருக்கும், மாதம் ஒருமுறை பாராங் கத்தி எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். இலை விழுந்த இடத்தில் காம்பு காய்ந்து முள்ளாக நிற்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

அலமாண்டா வருஷம் முழுக்க மஞ்சளாகப் பூக்கும், மழையிலும் சளைக்காது. ஆனால் அது தானாகப் பற்றி ஏறாது, கிளை கிளையாகக் கட்டிவிட வேண்டும். ஒடித்தால் ரப்பர் மரம் மாதிரியே வெள்ளைப் பால் வரும், அந்தப் பால் விஷம். பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில், ஆடு வளர்க்கும் வீட்டில் நான் இதை வைக்கச் சொல்ல மாட்டேன்.

நீலத் துன்பர்ஜியாவைப் பற்றி ஒரு வார்த்தை போதும்: வேண்டாம். பூ அழகுதான், கருவண்டுகளும் தேடி வரும். ஆனால் மழையில் நனைந்த அதன் பாரத்தில் எங்கள் வேலியின் இரண்டு கம்பங்கள் சாய்ந்துவிட்டன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் அதைக் களையாக நினைத்து ஒழிக்கப் பாடுபடுகிறார்கள்.

கடைசியாகச் சங்குப்பூ. ரப்பர்க் காட்டில் மண் மூட விதைத்த சென்ட்ரோசீமா கொடியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பூவின் சாயல் பழக்கமாக இருக்கும், இரண்டும் அவரை இனம்தான். விதை போட்டு இரண்டு மாதத்துக்குள் பூத்துவிடும். துருப்பிடித்த பழைய வேலிக்குக்கூட பாரமாக இருக்காது. அம்மா காலையில் பறித்து முறத்தில் காயவைப்பார். கொதிநீரில் போட்டால் நீலச் சாறு, லீமாவ் (எலுமிச்சை) பிழிந்தால் ஊதா. அதில்தான் பூலுட் தாய் தாய் என்ற பசையரிசிப் பலகாரத்துக்கு நிறம் ஏற்றுவார். ஆனால் ஒன்றிரண்டு வருஷத்தில் கொடியின் அடிப்பகுதி இலையுதிர்ந்து குச்சியாகிவிடும், மறுபடி விதைக்க வேண்டும். மறைப்புக்காகவே கொடி தேடுபவருக்கு இது போதாது.

இப்போது எங்கள் வீட்டில் செம்பனைப் பக்கம் புதுக் கம்பம் நட்ட 25 அடிக்கு ரங்கூன் மல்லி, அடுப்படி ஜன்னலுக்கு எதிரே மீதி 15 அடிக்குச் சங்குப்பூ, வாசலில் இரண்டு தொட்டிக் காகிதப்பூ. எந்தக் கொடியானாலும் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு இலையைக் கழித்துவிடுங்கள். செம்பனை ஓரத்தில் அடர்ந்த புதர் இருந்தால் எலி வரும், எலியைத் தேடி நாகம் வரும். அந்த ஒரு அடி இடைவெளி இருந்தால், காலையில் கூட்டப் போகும்போதே அங்கே ஏதாவது நெளிகிறதா என்று அம்மாவால் பார்த்துக்கொள்ள முடிகிறது.