நிமிர்ந்த ரோஸ்மேரியா, படரும் ரோஸ்மேரியா?

நர்சரியில் ரோஸ்மேரி கேட்டால் பெரும்பாலும் ரகம் சொல்லாமல்தான் தருவார்கள். ஆனால் நிமிர்ந்து வளர்வது, படர்ந்து தொங்குவது என்று இரண்டு வகை உண்டு. எதற்கு வளர்க்கிறோமோ அதற்கேற்பக் கேட்டு வாங்குங்கள்.

சமையலுக்கு என்றால் நிமிர்ந்த வகைதான் என் தேர்வு. 'டஸ்கன் புளூ' போன்றவை நிலத்தில் ஐந்தாறு அடி உயரம் போகும். குச்சி நேராக நீண்டு வரும். மத்தியதரைக் கடல் பக்கம் முற்றிய குச்சியின் நுனியில் மட்டும் கொஞ்சம் இலையை விட்டுவிட்டு மற்றதை உருவி, அதிலேயே ஆட்டிறைச்சித் துண்டுகளைக் கோத்துத் தணலில் வாட்டுவார்கள். வாசம் உள்ளிருந்தே கறியில் இறங்கும். படரும் வகையின் வளைந்த கிளை இதற்குச் சரிப்படாது. இலை உருவுவதும் நிமிர்ந்ததில் எளிது: நுனியைப் பிடித்துக் கீழ்நோக்கி ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

படரும் வகை இரண்டு அடிக்கு மேல் எழுவது அரிது. தொங்கும் தொட்டியிலும் மாடிச் சுவரோரத்திலும் அதன் அழகே தனி. இலையைச் சமையலிலும் போடலாம். பெருக்குவதும் சுலபம்: மண்ணைத் தொடும் கிளையை லேசாகக் கீறிப் பதியன் போட்டால் வேர் விடும். நிமிர்ந்ததற்குக் குச்சி வெட்டி நட வேண்டும். விதை இரண்டுக்குமே வேண்டாம்; முளைப்பது குறைவு, தாமதமும் ஆகும். குளிர் தாங்குவதில் படரும் வகை பொதுவாக ஒரு படி கீழே. ஊட்டி மாதிரி டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இடங்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

சமவெளியில் இரண்டுக்கும் எதிரி ஒன்றே, தேங்கும் தண்ணீர். தொட்டி மண்ணில் தாராளமாக மணல் கலந்து, மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைக்கடியில் நகர்த்திவிட்டால் வேர் அழுகாது.

ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 25, போரில் மடிந்த வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாளில் ரோஸ்மேரிக் கொத்தைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். 1915இல் அவர்களின் வீரர்கள் மடிந்த துருக்கியின் கலிப்பொலியில் இந்தச் செடி தானாகவே வளர்கிறது. இதற்கு எந்த வகையும் ஆகும்.

தலைமுடிக்காக வளர்ப்பவர்களுக்கு ஒன்று: 2015இல் வெளியான ஆய்வு முடி வளரத் தலையில் தடவும் மருந்தான 2% மினாக்சிடிலோடு ஒப்பிட்டது ரோஸ்மேரி எண்ணெயை, நாம் வீட்டில் இலை போட்டுக் கொதிக்கவைக்கும் தண்ணீரை அல்ல. அப்படியும் வேண்டுமென்றால் இலை நிறையத் தேவைப்படும்; நிமிர்ந்த வகையே வாங்குங்கள். அடிக்கடி பசுந்தண்டோடு மட்டும் கிள்ளுங்கள். இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டினால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது.