சமன்பாடு தீர்க்கத் தெரியுமா: எந்த வினா உண்மையைச் சொல்லும்?

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. அவற்றோடு இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10, எட்டு மதிப்பெண் வினாக்கள் 2 எழுத வேண்டும். ஆக மொத்தம் 100. இவற்றுள் எந்த வகை வினா, ஒரு பிள்ளைக்குச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியுமா என்பதைக் காட்டிக்கொடுக்கிறது?

தெரியாத எண்ணை ‘ய’ என்று வைத்துக்கொண்டு, ஒரே கணக்கைப் பல விதமாகக் கேட்டுப் பார்ப்போம்: 3(ய − 2) = ய + 8. விடை 7.

ஒரு மதிப்பெண் வினாக்களில் வருவதுபோல நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மாணவர் இதைத் தீர்க்கவே வேண்டியதில்லை. 7ஐப் பிரதியிட்டால் இரு பக்கமும் 15 வருகிறது, வேலை முடிந்தது. பிரதியிடத் தெரிவதும் திறமைதான், ஆனால் நாம் சோதிக்க வந்தது அதை அல்ல. எதுவுமே தெரியாமல் குத்துமதிப்பாகக் குறித்தாலும் 14 வினாக்களில் சராசரியாக மூன்றரை மதிப்பெண் கிடைத்துவிடும்.

இருந்தாலும் இந்த வகையை நான் முற்றிலும் ஒதுக்க மாட்டேன். தவறான விடைகளை யோசித்து அமைத்தால் அவையே பேசும். 5 என்று குறித்தவர் அடைப்புக்குள் இருக்கும் 2ஐ மூன்றால் பெருக்காமல் விட்டவர். 1 என்று குறித்தவர் −6ஐக் குறி மாற்றாமலேயே மறுபக்கம் கொண்டுபோனவர். 12 என்று குறித்தவரோ 2ய = 14 வரை சரியாக வந்துவிட்டு, வகுப்பதற்குப் பதில் 2ஐக் கழித்தவர். பிரதியிட்டுத் தப்பிக்கும் வழியையும் அடைக்கலாம்: விடையைக் கேட்காமல், ‘அடுத்த வரி எது?’ என்று கேட்க வேண்டும்.

ஐந்து மதிப்பெண் வினாவில் படிகள் கண்முன் இருக்கின்றன. எங்கே சறுக்கினார் என்பது தெரியும், அதுவரை சரியாகச் செய்ததற்கு மதிப்பெண்ணும் தரலாம். ஆனால் பாடநூல் பயிற்சிக் கணக்கை எண்கூட மாற்றாமல் கேட்கும்போது இந்த நன்மை முழுவதும் பாழாகிறது. மூன்று மாறிகளில் அமைந்த நேரிய சமன்பாடுகளைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளைகள் உண்டு. ஓர் எண்ணை மாற்றிக் கொடுத்தால் அவர்கள் பேனா இரண்டாவது வரியிலேயே நின்றுவிடும். கடினமாக உழைக்கும் பிள்ளைகளை இப்படி ஏமாற்றி அனுப்புவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இலங்கையில் பதினோராம் தரத்தின் முடிவில் எழுதும் பொதுத் தேர்வான க.பொ.த. சாதாரண தரத்தின் கணிதத்தில், விடையைத் தேர்ந்தெடுக்கும் பல்தேர்வு வினாவே கிடையாது. முதலாம் வினாத்தாளின் முதற்பகுதியில் 25 குறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளிகள். குத்துமதிப்புக்கு இடமில்லை, மனப்பாடத்துக்கும் நீளம் போதாது. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமாகத் துழாவுவது நேரில் கேட்கும் கேள்வி. ‘இந்தப் பக்கம் கூட்டல், அந்தப் பக்கம் போனால் கழித்தல்’ என்பது நம் வகுப்பறைகளின் மந்திரம். ‘ஏன் மாறுகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கழிக்கிறோம்’ என்று சொல்பவர், 2ய = 14 வந்ததும் இரண்டு பக்கத்தையும் இரண்டால் வகுப்பார். மந்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர் இங்கேயும் 2ஐ அந்தப் பக்கம் அனுப்பி 12 என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம்.

ஆனால் 40 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரிடமும் இப்படிப் பேச முடியாது. அதனால் என் தேர்வு வேறு: தவறாகத் தீர்த்த கணக்கு ஒன்றைத் தாளில் கொடுத்துவிடுவது.

3(ய − 2) = ய + 8
3ய − 2 = ய + 8
2ய = 10
ய = 5

எந்த வரி தவறு, ஏன், சரியாக எப்படி எழுதுவது? இந்த மூன்றுக்கும் பதில் எழுத ஐந்து நிமிடம் போதும். கடைசி வரியைப் பிழை என்பவர் விடையை மட்டும் பார்க்கிறார். இரண்டாம் வரியைச் சுட்டிவிட்டுக் காரணம் எழுதாதவர், பிழை இருக்குமிடத்தை உணர்கிறார், ஆனால் விளக்கத் தெரியவில்லை. மதிப்பெண்ணில் பெரும்பங்கை ‘ஏன்’ என்பதற்கே ஒதுக்குவேன். காரணத்தை வெற்றாக விட்டவர்களை மட்டும் மேசைக்கு அழைத்துப் பேசினால், அந்தப் பாடவேளைக்குள்ளேயே முடித்துவிடலாம்.